முதல் ஃபெடோரா: 700 ரூபாய்க்குள், நம் கடற்காற்றில் தலையில் நிற்கும் தொப்பி எது?

மண்டபம் கேமராக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் திருமணப் புகைப்படக்காரர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். கல்யாண வீட்டுக்குள் எடுக்கும் படங்களைவிட, மணமக்களை அரியமான் கடற்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் அழைத்துப்போய் எடுக்கும் வெளிப்புறப் படங்களே இப்போது எங்களுக்கு அதிகம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்தரை வரையில் மணலில் நிற்கிறோம். மாலையில் மறுபடி மூன்றரைக்குப் போகிறோம். இதுவரை தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டேன்.

உச்சியில் மடிப்பும் சுற்றிலும் விளிம்பும் உள்ள ஃபெடோரா தொப்பி ஒன்று வாங்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. வெயிலுக்காக மட்டும் அல்ல, அதன் வடிவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாலை வரவேற்பில் முழுக்கைச் சட்டையோடு நிற்கும்போதும் அதே தொப்பி பொருந்தினால் இன்னும் நல்லது. வீட்டுக்குக் கொடுத்ததுபோக இந்த மாதம் என்னால் ஒதுக்க முடிந்தது 700 ரூபாய். அதைத் தாண்ட வழியில்லை. இணையத்தில் கறுப்பு நிறக் கம்பளி ஃபெல்ட் ஃபெடோரா ஒன்று 650 ரூபாய்க்கு இருக்கிறது. கடற்கரைக் கடைகளில் 250 ரூபாய்க்கு, வைக்கோல் போன்ற இழையால் பின்னிய ஸ்ட்ரா தொப்பிகள் தொங்குகின்றன. விலை கூடியது என்பதால் முதலாவதே தரமானது என்று நினைத்தேன், ஆனால் ஒரு முறை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க ஆறு மாதமாவது ஆகும் என்பதால் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று இங்கே எழுதுகிறேன். அளவு எப்படிப் பார்ப்பது, காற்றில் பறக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்லுங்கள்.


வாலிநோக்கம் உப்பளத்தான்:

தம்பி, உப்பளத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபெடோராவின் விளிம்பு பெரும்பாலும் ஐந்து முதல் ஆறரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வெயிலுக்கான தொப்பி என்றால் விளிம்பு சுற்றிலும் குறைந்தது ஏழரை சென்டிமீட்டர் வேண்டும் என்பதே தோல் புற்றுநோய்த் தடுப்புக்காகப் பாடுபடும் அமைப்புகளின் பரிந்துரை. அதற்குக் குறைந்தால் நெற்றியும் மூக்கும் நிழலில் இருக்கும், ஆனால் காது மடலும் பிடரியும் வெந்துபோகும். அதோடு நீங்கள் நிற்பது மணலில். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை ஏறத்தாழ 25 சதவீதத்தையும் திருப்பி மேலே அனுப்புகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆகவே தொப்பி மேலிருந்து வரும் வெயிலை மறைத்தாலும் கீழிருந்து வருவது முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

நீங்கள் ஃபெடோரா வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்கள், ஆனால் பிடரிக்குத் துண்டை விட்டுவிடாதீர்கள். விளிம்பின் அடிப்பக்கம் வெள்ளையாக இல்லாமல் கருமையான நிறத்தில் இருந்தால், மணலின் ஒளி அதில் பட்டுக் கண்ணுக்குள் திரும்புவது குறையும். உப்புப் பாத்தியின் வெண்மையில் நின்று பழகியவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்று தெரியும்.


கீழக்கரைக்காரன்:

அந்தக் கறுப்பு ஃபெல்ட்டை வாங்காதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் காக்கா (அண்ணன்) வெளிநாட்டிலிருந்து வரும்போது எனக்கு ஒரு கம்பளி ஃபெல்ட் ஃபெடோரா கொண்டுவந்தார். பார்க்க மிகவும் கம்பீரமாக இருந்தது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் அதை அணிந்துகொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தேன். கால் மணி நேரத்தில் நெற்றியில் வியர்வை வழிந்து தொப்பியின் உட்பட்டை முழுவதும் நனைந்துவிட்டது. ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல, கம்பளி இழைகளை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்திப் பின்னிக்கொள்ளச் செய்த தடிப்பான போர்வை போன்றது. காற்று உள்ளே போக அதில் வழியே இல்லை. போதாததற்கு நிறமும் கறுப்பு.

அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு முறை நனைந்தது. கம்பளி ஃபெல்ட் நனைந்தால் விளிம்பு தொங்கிவிடும், உலரும்போது சுருங்கும். அவசரப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தியது என் தவறு, அதனால் சுருக்கம் இன்னும் கூடிற்று. 58 சென்டிமீட்டர் தொப்பி என் தலையின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் நின்றது. அலமாரியில் வைத்த பிறகு நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்தது. மார்கழியில் எடுத்துப் பார்த்தபோது பூச்சி அரித்து இரண்டு ஓட்டைகள் இருந்தன. கம்பளியையும் ரோமத்தையும் அந்துப் பூச்சி தேடி வரும் என்பதால் அந்துருண்டை போட்டு மூடி வைத்திருக்க வேண்டும், அது எனக்கு அப்போது தெரியாது. இலவசமாக வந்த தொப்பிக்கே எனக்கு அவ்வளவு வருத்தம். நீங்கள் ஒரு மாதம் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்து அந்த வருத்தத்தை வாங்க வேண்டாம்.


குன்னூரில் ஒரு பரமக்குடிக்காரன்:

இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபெல்ட்டைக் குறை கூறுவது எளிது, ஆனால் ஃபெடோரா என்ற வடிவமே ஃபெல்ட்டுக்காகப் பிறந்தது. உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, முன்பக்கம் இருபுறமும் விரலால் கிள்ளியது போன்ற குழிவு, முன்னால் கீழே இறக்கவும் பின்னால் ஏற்றவும் கூடிய வளையும் விளிம்பு ஆகிய எல்லாமே ஃபெல்ட்டின் மென்மையால் கிடைத்தவை. ஸ்ட்ராவில் அதே வடிவத்தைச் செய்கிறார்கள் என்றாலும் அது ஒரு நகல்தான் என்பது என் எண்ணம்.

கம்பளி ஃபெல்ட் வேறு, முயல் ரோம ஃபெல்ட் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். முயலின் நுண்ணிய ரோமங்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பிணைந்துகொள்வதால் அந்த ஃபெல்ட் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும், மழையையும் தாங்கும். இத்தாலியின் அலெஸாந்திரியா நகரில் 1857-இல் தொடங்கிய போர்சலினோ போன்ற பட்டறைகள் பெயர் வாங்கியது இந்த வகையால்தான். நான் நான்கு ஆண்டுகளாக ஒரே ரோம ஃபெல்ட் தொப்பியைக் குன்னூர் மழையில் அணிகிறேன், அது இன்னும் வடிவம் மாறவில்லை. தம்பி இப்போதைக்குத் துண்டையே கட்டிக்கொண்டு, மாதம் 300 ரூபாய் ஒதுக்கி ஓராண்டு காத்திருந்து, ஒரு நல்ல தொப்பியாக வாங்குவதே சிக்கனம் என்பேன். மலிவானதை மூன்று முறை வாங்குவதைவிட நல்லதை ஒரு முறை வாங்கலாம்.


கீழக்கரைக்காரன்:

குன்னூருக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அவர் நிற்கப்போவது தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில், அதுவும் காலை பத்து மணிக்கு. ரோம ஃபெல்ட் சுருங்காது என்பதால் வியர்க்காது என்று ஆகிவிடாது. ஓராண்டு காத்திருந்து வாங்கிய தொப்பியும் அலமாரிக்குத்தான் போகும்.


தேவிபட்டினம் தையற்கடை:

பொருளைப் பற்றிய பேச்சு நடக்கட்டும், நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன். பொருந்தாத தொப்பி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் தலையில் நிற்காது என்பதால், குறைந்த பணத்தில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

புருவத்துக்கு மேல் ஒரு விரல் கனம் விட்டு, இரண்டு காதுகளுக்கும் சற்று மேலாக, பின்மண்டையில் மிகவும் புடைத்திருக்கும் இடத்தின் வழியே இன்ச் டேப்பைச் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால் தைக்கும் நூலைச் சுற்றி, பிறகு அதை அடிக்கோலில் வைத்து அளக்கலாம். இறுக்கக் கூடாது, நழுவவும் கூடாது. மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எல்லோருக்கும் ஆகும் என்று விற்கும் தொப்பிகள் பெரும்பாலும் 57, 58 சென்டிமீட்டர் அளவில் செய்யப்பட்டவை. உங்கள் தலை 59 அல்லது 60 என்றால் அவற்றைத் தொடவே வேண்டாம், ஏனெனில் சிறிய தொப்பியைப் பெரிதாக்க நம்மிடம் வழியில்லை. ஸ்ட்ராவை இழுத்தால் பின்னல் விட்டுவிடும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் பெரிதான தொப்பியை எளிதாகச் சரிசெய்யலாம். உள்ளே நெற்றியைத் தொடும் வியர்வைப் பட்டையை மடக்கி, அதன் பின்னால் மெல்லிய ஸ்பான்ஜ் பட்டை ஒன்றைச் செருகிவிட்டால் போதும். முதலில் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், பிறகு தேவை என்றால் பின்னால் வையுங்கள். நெற்றியில் வைத்தால் தொப்பி பின்னுக்குச் சாயும்.

அந்தப் பட்டை எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். விலை கூடிய தொப்பிகளில் தோல் பட்டை இருக்கும். நம் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அது விறைத்துப்போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்திப் பட்டைதான் இங்கே நல்லது. தேங்காய் எண்ணெய் தேய்க்கிற தலை என்றால் அது ஒரு மாதத்தில் கறுத்துவிடும், அப்போது தையலைப் பிரித்து எடுத்துத் துவைத்துவிட்டு மறுபடி வைத்துத் தைக்கலாம். இதை எந்தத் தையற்கடையிலும் செய்து தருவார்கள்.

இனிக் காற்று. ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பனில் எந்தத் தொப்பியும் பொருத்தத்தால் மட்டும் நிற்காது. பழைய காலத்து ஃபெடோராக்களில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ரிப்பனுக்கு மேலாக மெல்லிய எலாஸ்டிக் கயிறு ஒன்று தொப்பியைச் சுற்றி ஓடும், அதன் நுனியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். காற்று வீசும் நாளில் அந்தக் கயிற்றை இழுத்து, கோட்டின் காலர் மடிப்பில் உள்ள துளையில் பொத்தானை மாட்டிக்கொள்வார்கள். தொப்பி பறந்தாலும் கயிற்றின் நீளத்துக்கு மேல் போகாது. காற்று இல்லாத நாளில் கயிறு மறுபடி தொப்பியைச் சுற்றிக்கொள்ளும், ஆகவே பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நமக்குக் கோட்டு இல்லை என்பதால் சட்டைக் காலரின் உட்புறம், பிடரிப் பக்கத்தில் நூலால் ஒரு சிறு காதை முடிந்துவிட்டால் அதில் மாட்டலாம். தாடைக்குக் கீழே கட்டும் கயிற்றைவிட இது மேல், பேசும்போதும் குனியும்போதும் இடைஞ்சல் இல்லை. கழுத்தில் தொங்கும் கேமரா வாரில் மட்டும் மாட்ட வேண்டாம், கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அது தொப்பியை இழுக்கும்.


மண்டபம் கேமராக்காரன்:

அண்ணே, நூலால் மூன்று முறை அளந்தேன். 58, 58.5, 58.5 என்று வந்தது. அப்படியானால் 59 அளவு தேடுகிறேன். ஃபெல்ட்டை விட்டுவிடுவதென்று முடிவுசெய்துவிட்டேன், குன்னூர் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

வெயிலுக்கு ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும் என்று ஐயா சொன்னதைப் பார்த்துவிட்டு, எங்கள் புகைப்படக்காரர் வைத்திருக்கும் அகன்ற தொப்பி ஒன்றைக் கடன் வாங்கி நேற்று வேலை செய்து பார்த்தேன். கேமராவைக் கண்ணில் வைத்ததும் முன்விளிம்பு ஃபிளாஷில் இடித்தது. கேமராவை நெடுக்கில் திருப்பியபோது தொப்பியே நெற்றியிலிருந்து எழும்பிவிட்டது. ஆகவே முன்னால் மேலே மடக்கிவிடக் கூடிய விளிம்பு எனக்குக் கட்டாயம் தேவை என்று தெரிகிறது. ஃபெடோராவில் அது முடியும் அல்லவா? ஸ்ட்ராவிலும் முடியுமா? கடைகளில் பனாமா என்று சீட்டு ஒட்டியவை 300 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவை உண்மையானவையா?


தங்கச்சிமடம் ஆசிரியை:

தம்பி, 300 ரூபாய்க்குக் கிடைப்பது பனாமா அல்ல. பனாமா என்ற பெயரே ஒரு தவறான பெயர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொப்பி பனாமா நாட்டில் செய்யப்படுவதில்லை, எக்வடோர் நாட்டில் டொக்கியா என்னும் பனை போன்ற செடியின் இளம் ஓலையைக் கிழித்து, கையால் நெய்து செய்யப்படுகிறது. கப்பல்கள் பனாமா வழியாக அதை உலகெங்கும் கொண்டுசென்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906-இல் பனாமா கால்வாய்ப் பணியைப் பார்க்கப் போனபோது அணிந்திருந்ததும் அப்பெயரைப் பரப்பிற்று. அந்த நெசவுக் கலையை 2012-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நெசவாளியின் பல நாள் உழைப்பு அதில் இருக்கிறது, நம்முடைய பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். அது 300 ரூபாய்க்கு வரவே வராது.

கடையில் அந்தப் பெயரில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை முறுக்கிய காகிதத்தால் ஆனவை. கண்டுபிடிப்பது கடினமல்ல. விளிம்பின் ஓரத்திலோ உட்புறத்திலோ வெட்டி விட்ட முனை ஒன்று எங்கேயாவது நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் பிரித்துப் பாருங்கள். காகிதமாக இருந்தால் முறுக்கு அவிழ்ந்து பட்டையாக விரியும், புல்லோ ஓலையோ என்றால் நீளவாக்கில் நாராகப் பிளக்கும். மூன்றாவதாக பிளாஸ்டிக் இழை ஒன்று உண்டு, அது மழுமழுவென்று மின்னும், எல்லா இழையும் அச்சில் வார்த்தது போல் ஒரே கனத்தில் இருக்கும். காகிதத் தொப்பி வெயிலுக்கு மோசமில்லை, ஆனால் ஒரு மழையிலோ நன்கு வியர்த்த பத்து நாளிலோ கூழாகத் தொடங்கும். என் மகளுக்கு அக்னி தீர்த்தம் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய காகிதத் தொப்பி, அலைத்துளி பட்டே ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள். ஃபெடோரா என்று சொல்லி டிரில்பியை விற்கிறார்கள். டிரில்பிக்கு விளிம்பு நான்கு சென்டிமீட்டருக்குள் குறுகி, பின்னால் சட்டென்று மேலே ஏறியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்பதும் போடாமல் நிற்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும், அளவுகோலை விளிம்பில் வைத்து ஆறு சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விளிம்பை மடக்குவதைப் பொறுத்தவரை, ஸ்ட்ராவில் ஃபெல்ட்டைப் போலக் கூர்மையாக மடக்கக் கூடாது, மடித்த இடத்தில் இழை முறியும். மெதுவாக வளைத்துவிட்டால் நிற்கும்.

அப்புறம், இந்த உரையாடலில் எல்லோரும் ஆண்களின் தொப்பியாகவே பேசுகிறீர்கள். 1882-இல் பாரீஸில் நடந்த ஒரு நாடகத்தில் ஃபெடோரா என்ற இளவரசியாக சாரா பெர்னார்ட் நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பெயரே தொப்பிக்கு வந்தது. முதலில் இதை விரும்பி அணிந்தவர்கள் பெண்கள்தாம். எனக்கும் ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது, ஆகவே தம்பி எங்கே என்ன விலைக்கு வாங்கினார் என்பதை அவசியம் எழுத வேண்டும். கூந்தலைக் கொண்டை போடுகிறவர்கள் அதைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு அளவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் என் பங்குக்குச் சேர்க்கிறேன்.


சாயல்குடி பனையோலை:

டொக்கியா ஓலையைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் சாயல்குடி, கமுதி பக்கம் எங்கே பார்த்தாலும் பனை. எங்கள் சின்னம்மா நாற்பது ஆண்டுகளாகப் பெட்டியும் கூடையும் முடைகிறார். தொப்பியும் கேட்டால் செய்து தருவார். எக்வடோர்க்காரர் இளங்குருத்தைத்தான் எடுக்கிறார், எங்கள் சின்னம்மாவும் குருத்தோலையைத்தான் எடுக்கிறார்.

குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்துகொள்வார்கள். கூடை போல் நேராக முடைந்தால் தொப்பி முரடாக வரும். அதனால் ஓலையை முதலில் விரல் அகல நாடாவாகப் பின்னிக்கொண்டு, உச்சியில் ஒரு புள்ளியில் தொடங்கி, நாடாவைச் சுற்றிச் சுற்றி ஒன்றன் ஓரத்தில் ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டே வருவார்கள். நாடாவின் சுற்று கீழே வரும்போது தலையின் அளவுக்கு ஏற்ப இறுக்கியோ தளர்த்தியோ தைக்கலாம், எனவே உங்கள் 58.5-க்கு 59 தேட வேண்டிய அவசியமே இல்லை. விளிம்பும் நீங்கள் சொல்லும் அளவு வரும். சின்னம்மா என் நண்பனுக்குச் செய்துகொடுத்ததற்கு வாங்கியது 250 ரூபாய். காற்று உள்ளே புகுந்து வெளியேறும், தலை கொதிக்காது, கனமும் மிகக் குறைவு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பனையோலை விறைப்பானது. உச்சியில் ஃபெடோராவின் மடிப்பும் முன்பக்கக் குழிவும் வேண்டும் என்றால், ஓலை ஈரமாக இருக்கும்போதே அழுத்தி வைத்து, அப்படியே உலரவிட வேண்டும். அப்படியும் ஃபெல்ட் அளவுக்கு நறுவிசாக வராது, சற்று உருண்டையாகவே இருக்கும். கோடையில் காய்ந்து மொறுமொறுவென்று ஆனால் முறியும் என்பதால் வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடாவிட்டால் கறுப்புப் புள்ளி விழும். மாலை வரவேற்புக்கு இது எடுக்குமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.


குன்னூரில் ஒரு பரமக்குடிக்காரன்:

நான் ஓராண்டு காத்திருக்கச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓராண்டு அவர் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஃபெல்ட் அணிகிற எனக்குத் தெரிந்த ஒன்று ஸ்ட்ராவுக்கும் பொருந்தும். தொப்பியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் முன்பக்கக் குழிவைப் பிடித்துத் தூக்காதீர்கள். திரைப்படங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் எல்லாத் தொப்பியும் முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். முன்னும் பின்னும் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து எடுங்கள்.


மண்டபம் கேமராக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் போய் வந்தேன். இணையத்தில் வாங்கவில்லை, தலையில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது உங்கள் பதிவுகளிலிருந்து எனக்கு உறுதியாகிவிட்டது. நான்கு கடைகளில் பதினொரு தொப்பிகளைப் பார்த்தேன். ஆறு டிரில்பி. மூன்றில் முனையைப் பிரித்ததும் காகிதம் விரிந்தது. ஒன்று நல்ல புல் பின்னல், அளவும் சரியாக இருந்தது, ஆனால் விளிம்பின் ஓரத்துக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். விளிம்பு வளைத்தபடி நிற்கும் என்று கடைக்காரர் அதைச் சிறப்பாகச் சொன்னார். எனக்கு எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தது. நம் ஊர்க் காற்றில் ஓராண்டில் துரு பிடித்துத் தொப்பியெல்லாம் காவிக் கறை ஆகிவிடும் என்று வைத்துவிட்டேன்.

கடைசியாக வாங்கியது மணல் நிறத்தில் புல் நாடாவைச் சுற்றித் தைத்த ஃபெடோரா, சாயல்குடி அண்ணன் சொன்ன அதே முறைத் தையல். அளவு 59, விளிம்பு 6.3 சென்டிமீட்டர், உட்பட்டை பருத்தி. 580 சொன்னார், 520-க்குக் கொடுத்தார். திரும்பும் வழியில் தேவிபட்டினம் போய் அண்ணனையே பார்த்தேன். இரண்டு பக்கமும் ஸ்பான்ஜ் பட்டை வைத்து, எலாஸ்டிக் நூலும் பொத்தானும் போட்டு, என் மூன்று சட்டைகளின் காலரிலும் நூல் காது முடிந்துகொடுத்துவிட்டு, பொருளுக்கு மட்டும் என்று 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். தொப்பியோடு வந்த பளபளப்பான ரிப்பனை எடுத்துவிட்டு, பின்னால் கொக்கி போட்டு மாற்றிக்கொள்ளும்படி கருநீலத்தில் ஒன்றும் கறுப்பில் ஒன்றும் தைக்கச் சொல்லியிருக்கிறேன். பகலுக்கு நீலம், வரவேற்புக்குக் கறுப்பு. அதற்குத் துணி நூல் எல்லாம் சேர்த்து 40 ரூபாய்.

செவ்வாய்க்கிழமை காலை அரிச்சல்முனையில் மூன்று மணி நேரம் அணிந்திருந்தேன். காற்று பலமாக இருந்தது. இரண்டு முறை தொப்பி தலையிலிருந்து கிளம்பியது, இரண்டு முறையும் முதுகுப் பக்கம் கயிற்றில் தொங்கியது, கேமராவிலிருந்து கையை எடுக்காமலே வேலை நடந்தது. கண்ணில் கேமராவை வைக்கும்போது முன்விளிம்பை மெல்ல மேலே வளைத்துவிடுகிறேன், ஃபிளாஷ் இடிக்கவில்லை. பிடரிதான் ஐயா சொன்னபடியே காந்தியது. அன்றைக்குத் துண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். விளிம்பின் அடிப்பக்கமும் வெளிர் நிறமாகத்தான் இருக்கிறது, மணலின் கூச்சம் கண்ணில் தெரிகிறது. அதற்கு ஏதாவது செய்யலாமா?


தேவிபட்டினம் தையற்கடை:

கருநீலப் பருத்தித் துணியை விளிம்பின் வடிவத்துக்கு வெட்டி அடியில் வைத்துத் தைத்துவிடலாம். மெல்லிய துணி என்றால் கனம் கூடாது, விளிம்புக்கும் கொஞ்சம் உறுதி கிடைக்கும். ரிப்பன் வாங்க வரும்போது தொப்பியையும் கொண்டுவாருங்கள். வெட்டுத் துணி கடையில் இருக்கிறது, அதற்குப் பணம் வேண்டாம்.

கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். உப்பு தங்கினால் இழை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு விளிம்பு தரையில் படாமல், உச்சி கீழே இருக்கும்படி திருப்பி நிழலில் வையுங்கள். வண்டிப் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தக் கூடாது.


வாலிநோக்கம் உப்பளத்தான்:

பிடரியைப் பற்றி நான் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. தம்பி, உங்களிடம் இன்னும் 110 ரூபாய் இருக்கிறது என்று கணக்கு வருகிறது. அடுத்த மாதம் 140 சேர்த்தால் சாயல்குடியில் ஓலைத் தொப்பிக்குச் சொல்லிவிடலாம். படம் எடுக்காமல் பொருள்களைத் தூக்கிக்கொண்டும் ஒளி மறைப்பைப் பிடித்துக்கொண்டும் நிற்கும் நாளில் உங்களுக்கு ஃபெடோரா தேவையில்லை, அகன்ற விளிம்புதான் தேவை.


மண்டபம் கேமராக்காரன்:

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். சாயல்குடி அண்ணே, சின்னம்மாவிடம் சொல்லி வையுங்கள், முதல் வாரத்தில் பணம் அனுப்பிவிடுகிறேன். சுற்றளவு 58.5, விளிம்பு சுற்றிலும் 8 சென்டிமீட்டர், உச்சியில் மடிப்பு வேண்டாம், உருண்டையாகவே இருக்கட்டும். கயிறு மாட்ட விளிம்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரு சிறு கண் விட்டுத் தைத்தால் போதும்.


தங்கச்சிமடம் ஆசிரியை:

எனக்கும் ஒன்று. சுற்றளவு 56, விளிம்பு 7, முடிந்தால் முன்பக்கக் குழிவோடு. அது முறிந்தாலும் பரவாயில்லை, நான் விளிம்பைப் பிடித்தே எடுக்கிறேன்.